துணைக்கு ஒருவர் மட்டும்

செவ்வாய், மதியம்
மூன்றாம் மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா, சௌக்கியமா என்று ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ கீழே வந்து காத்திருப்பதாகக் காவலாளி சொன்னார். உன்னை மேலே விட மாட்டார்கள். இந்த வார்டில் ஒரு பிள்ளைக்குத் துணை ஒருவர்தான். அந்த ஆளும் சாயங்காலம் ஒரு தடவைதான் மாறலாம். நான் மாறப் போவதில்லை. கைப்பேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஃபிளாஸ்க் எடுத்துப் போகிற அம்மாவிடம் சீட்டுக் கொடுத்தால் போய்ச் சேரும் என்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் குருணைக்குட்டி கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். தூக்கி நிறுத்தினேன், மறுபடி உட்கார்ந்தாள். கூடாரம் போட்டுத் தங்கின இடத்தில் ஆடின ஆட்டத்துக்கு அசதி இப்போதுதான் தெரிகிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன புதன் போனோம், வெள்ளிக்கிழமை திரும்பினோம், சனி ஞாயிறு எல்லாம் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டுதானே இருந்தாள்.

இன்று காலை நிற்கவே முடியவில்லை. காலைத் தூக்கி விட்டால் நனைந்த துணி மாதிரி விழுகிறது. காய்ச்சல் இல்லை. வலியும் இல்லை போலிருக்கிறது, அழவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை ஊசி குத்தும்போதுகூட அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அவருக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கப்பல் கம்பெனிக்குப் பேசு. நடுக்கடலில் இருப்பவரை என்ன செய்யச் சொல்வது, இருந்தாலும் தெரியணும். அவளுடைய பச்சைப் போர்வையைக் கொடுத்தனுப்பு.

உன்
சின்னவள்


செவ்வாய், சாயங்காலம்
கீழ்த்தளம், இரும்பு நாற்காலி

என் சின்னவளுக்கு,

போர்வை இதோடு வருகிறது. ஃபிளாஸ்க்கில் பால், டப்பாவில் நீ தின்பதற்கு ரொட்டி. தின்னாமல் திருப்பி அனுப்பினால் மேலே வந்து ஊட்டுவேன், காவலாளி என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

கப்பல் கம்பெனியில் பேசிவிட்டேன். இன்றைக்கே மாப்பிள்ளைக்குச் செய்தி போய்விடும் என்றார்கள். அடுத்த துறைமுகம் எப்போது என்று கேட்டதற்குத்தான் பதில் சரியாக இல்லை.

என் வண்டிக்கு லீவு விட்டாயிற்று. இன்று ஓட்டிப் பழக வர வேண்டியவர்களுக்கெல்லாம் வரவேண்டாம் என்று சொன்னேன். பின்னால் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாரே ஒரு வங்கி மேலாளர், அவருக்கு மட்டும் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

'நீ எப்பவும் ஒன்றைப் பத்தாக்கிப் பயப்படுகிறவள்' என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. உனக்குத் தெரியுமே, பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் எந்தப் பள்ளத்தில் விடப் பார்த்தாலும் நான் மிதித்துவிடுவேன். பதினாறு வருஷமாக அந்தத் தைரியத்தில்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேன். இங்கே மதியத்திலிருந்து என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. எதிரே இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் என்ன சொன்னார்? குருணை என்னைக் கேட்டாளா?

உன்
அக்கா


புதன், காலை

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்கு ஏறிவிட்டது.

நேற்றுக் கால் மட்டும்தான். இன்று காலை பால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மா என்று கூப்பிடுகிற குரல் பூனைக்குட்டி குரல் மாதிரி மெலிந்துபோய் வருகிறது. உன்னைக் கேட்டாள், நேற்று. இன்று எதையும் கேட்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர் பார்க்கிறார். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் உதறணுமாம், உதறவில்லை. நரம்பில் வருகிற ஒரு நோயாக இருக்கலாம், நாளைக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும் என்கிறார். 'கீழே இருந்து மேலே ஏறுதும்மா. நெஞ்சு வரைக்கும் ஏறிட்டா மூச்சு விடக் கஷ்டப்படுவா. அதுக்கு மிஷின் இருக்கு, நீங்க பயப்படாதீங்க' என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த மிஷினைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே ஒரு துணி போட்டு மூடியிருக்கிறது. நான் அவள் மூச்சையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணுவதை விட்டால் அது நின்றுவிடும் போல.

டாக்டர் என்னைத் துருவித் துருவிக் கேட்கிறார். என்ன தின்றாள், எந்தத் தண்ணீர் குடித்தாள், காட்டில் காய் பழம் எதையாவது வாயில் போட்டாளா, பூச்சி கடித்ததா. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு மதியம் மட்டும் எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த அன்றைக்கு, ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து நேராக உங்கள் வேனில் ஏறினவள், கூடாரத்தில் தலை சாய்த்ததும் செத்த மாதிரி தூங்கிவிட்டேன். 'கொஞ்சம் பாத்துக்கோக்கா' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. எழுந்தபோது வெயில் போயிருந்தது.

அந்த மதியம் எங்கே போனீர்கள், என்ன தொட்டாள், என்ன தின்றாள், எல்லாம் எழுது. சின்ன விஷயம் என்று நீயாக எதையும் கழிக்காதே. டாக்டர் காத்திருக்கிறார்.

சின்னவள்


புதன், மதியம்

என் சின்னவளுக்கு,

கழிக்காமல் எழுதுகிறேன்.

நீ தூங்கினதும் உன் அத்தான் இரண்டாவது கூடாரத்தை நிறுத்தப் பார்த்தார். அது அவர் மேலேயே விழுந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது, குருணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'பெரிம்மா, இன்னொருவாட்டி' என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அதனால் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

ஓடைக்குப் போனோம். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். குடிக்கவில்லை, நான் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டாள், விரலை விட்டு எடுத்துவிட்டேன். பிஸ்கட் ஒன்று தின்றாள், பாதி எறும்புக்குப் போனது. காய் பழம் எதுவும் இல்லை.

இனிமேல் எழுதப் போவதுதான் நான் உன்னிடம் சொல்லாதது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வேலியோரம் உயரமாகப் புல் இருக்கிறது. அதில் ஒரு நாய் படுத்திருந்தது. பழுப்பு நாய், வயசானது. நாய் என்றால் உனக்குக் குலை நடுங்கும், பிள்ளையைக் கிட்டே விடாதே என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அவள் என் விரலை விட்டுவிட்டு அதை நோக்கிப் போனாள். இரண்டு எட்டில் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை. அது படுத்தபடியே வாலைத் தரையில் தட்டியது, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவினாள். அது அவள் கன்னத்தை ஒரு தடவை நக்கியது. கடிக்கவில்லை. பல் படவில்லை, நகம் படவில்லை. நான் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அது சத்தியம். அப்புறம் அதன் வயிற்றில் தலையைச் சாய்த்தாள், இடது காது கீழே போகிற மாதிரி. அப்படியே தூங்கிப்போனாள். நாயும் தூங்கியது. நான் எழுப்பவில்லை. அவளுடைய சுருட்டை முடியும் அதன் முடியும் எது எது என்று தெரியாமல் கிடந்தது. அவள் எப்போதும் உன் பிள்ளை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே எனக்கு என்று கிடைத்த மாதிரி இருந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை.

நீ எழுந்து கேட்டபோது ஓடைக்குப் போனோம் என்று மட்டும் சொன்னேன்.

இதை அப்படியே டாக்டரிடம் காட்டு. என்னைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கிறது.

அக்கா


புதன், மதியம்

அக்கா,

டாக்டர் வேறு ஒரு பிள்ளையோடு இருக்கிறார். அவர் வருகிற வரைக்கும் உன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நாய் நக்கியிருக்கிறது. யாருடைய நாய் என்று தெரியாது, ஊசி போட்டதா என்று தெரியாது. வெறிநாய்க்கடி வந்துவிட்டால் வந்ததுதான், அதற்கு அப்புறம் மருந்து கிடையாது, அது தெரியுமா உனக்கு? பக்கத்துக் கட்டில் அம்மா நக்கினாலும் வரும் என்கிறார். அதற்கும் கை கால் விழும் என்கிறார்.

நேற்று முழுக்க நீ கீழே உட்கார்ந்து ரொட்டி தின்னு, பால் குடி என்று எழுதிக்கொண்டிருந்தாய். வங்கி மேலாளர் கதை எழுதினாய்.

அவள் பிறந்ததிலிருந்து அவளைப் பக்கத்தில் போடாமல் நான் கண்ணை மூடினது அந்த ஒரு மதியம்தான்.

இனி எழுதாதே. ஃபிளாஸ்க் மட்டும் அனுப்பு.


புதன், சாயங்காலம்

சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். வெறும் ஃபிளாஸ்க்கை அனுப்பக் கை வரவில்லை.

உன் அத்தான் வேனை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போயிருக்கிறார். நாய் இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவார். அந்த நாய் நன்றாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படியும் ஒரு வேண்டுதல்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரே ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி. ஃபிளாஸ்க் அம்மா ஒவ்வொரு தடவை படியிறங்கும்போதும் அவர் கையைத்தான் பார்க்கிறேன். மூன்று தடவை வெறுங்கையோடு வந்துவிட்டார். முகத்தையாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர் முகத்தில் எதுவுமே தெரியமாட்டேன் என்கிறது.

அக்கா


வியாழன், காலை

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று டாக்டர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நான் வெறிநாய்க்கடியா என்று கேட்டதை எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. 'அது ஒரு வாரத்துக்குள்ள இப்படி வராதும்மா, இது அது இல்ல' என்றார். அப்புறம், 'இடது காதுன்னு எழுதியிருக்காங்களே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அவள் தலைமுடியை வகுடு வகுடாகப் பிரித்தார்.

காதுக்குப் பின்னால், முடிக்குள். பட்டாணி அளவில் சாம்பல் நிறமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ மரு என்று நினைத்தேன். டாக்டர் தொட்டார், அதற்குக் கால் இருந்தது.

உண்ணி. நாயிடமிருந்தோ அந்தப் புல்லிலிருந்தோ ஏறியிருக்கிறது. அத்தனை நாளும் அவள் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. அதன் எச்சிலில் இருக்கிற விஷம்தான் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்ததாம். நான் வேலையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பாட்டில்களை விளக்குக்கு நேரே பார்த்து, முடி கனத்தில் விரிசல் இருந்தாலும் எடுத்துப் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை குளிப்பாட்டினேன். என் விரல் அதன் மேல் போயிருக்கும்.

இடுக்கியால் பிடித்து மெல்ல எடுத்தார். 'எடுத்தாச்சு, இனி இறங்கணும்' என்றார். 'இறங்கும்னு சொல்லுங்க டாக்டர்' என்றேன். 'இறங்கணும்மா' என்றுதான் திரும்பவும் சொன்னார்.

அதற்கப்புறம் ஒன்றும் இறங்கவில்லை. மூச்சு இன்னும் மேலோட்டமாகப் போனது. இருட்டினதும் மிஷின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். எப்போது விடிந்தது என்று தெரியாது. போர்வைக்கு வெளியே அவள் கால் பெருவிரல் அசைந்தது. நான்தான் ஆட்டிவிட்டேனோ என்று கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி அசைந்தது. காலை ஊசிக்கு வீல் என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மிஷினைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். இன்னும் சில நாள் இருக்கணும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது. இனி அவளை உன்னோடு தனியாக அனுப்ப மாட்டேன். வீட்டுக்கு வா, பார், கொஞ்சு. தனியாக விட மாட்டேன்.

சின்னவள்


வியாழன், மதியம்

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பெருவிரல் வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கீழே இப்போது அவளைத் தெரியாதவர் கிடையாது.

அத்தான் பேசினார். நாய் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கொடுத்த பன்னைத் தின்றுவிட்டு அவர் பின்னாலேயே வேன் வரைக்கும் வந்ததாம்.

கடைசியில் எழுதியிருந்தாயே, அதற்குச் சரி. எதிர்ப்பேச்சு இல்லை. துவைத்த துணி அனுப்புகிறேன். உன் சீப்பும் இருக்கிறது, தலையை ஒரு தடவை வாரிக்கொள்.

அக்கா


சனி, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாளாக உனக்கு எழுதவில்லை. ஃபிளாஸ்க் வந்தது, துணி வந்தது, ஒவ்வொரு தடவையும் உன் சீட்டும் வந்தது. எல்லாம் படித்தேன்.

குருணை இப்போது உட்காருகிறாள். ஸ்பூனைப் பிடிக்கிறாள், பாதி போர்வைக்குப் போகிறது. நிற்க வைத்தால் கால் இன்னும் தள்ளாடுகிறது. நர்ஸை 'ஏய்' என்று கூப்பிடுகிறாள்.

இன்று டாக்டர் ரவுண்டு வந்தபோது, 'அந்தக் கடிதம் வராம இருந்திருந்தா முதுகு ஊசி, அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்னு நாளைக் கடத்தியிருப்போம், அதுக்குள்ள என்ன ஆகியிருக்குமோ' என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓடைக்குப் போனோம், பிஸ்கட் தின்றாள் என்பதோடு நீ நிறுத்தியிருக்கலாம். அந்த நாயை உன்னைத் தவிர ஒரு ஆள் பார்க்கவில்லை. எழுதினால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் நான் இருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. பயம்தான் நிறைய இருக்கிறது. அவள் தலையை விரலால் துழாவிக்கொண்டே இருக்கிறேன், அவளே கையைத் தட்டிவிடுகிறாள். கண்ணை மூடினால் அந்த உண்ணியின் கால்கள் அசைவது தெரிகிறது. இன்று காலை நின்றபடியே தூங்கிச் சுவரில் இடித்துக்கொண்டேன். நர்ஸ் சத்தம் போட்டார், வீட்டுக்குப் போய்ப் படுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும் என்று.

சாயங்காலம் ஆள் மாற்றுகிற நேரத்துக்கு மேலே வா. பெயரைக் கேட்டார்கள், உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன்.

பாலை ஆற்றிக் கொடு, மேலே ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். இடது கையில் ஊசி ஏற்றியிருக்கிறது, அந்தப் பக்கம் தூக்காதே. விழித்ததும் முதலில் மூச்சைப் பார். இதையெல்லாம் வாயால் சொல்ல நின்றால் நான் போகவே மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உன்
சின்னவள்


ஞாயிறு, காலை
மூன்றாம் மாடி

என் சின்னவளுக்கு,

இதைக் கீழே உன் அத்தானிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். நீ தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். ஆனாலும் அவர் எழுப்பிவிடுவார்.

நேற்று நீ வெளியே போனதும் கதவு சாத்திக்கொண்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே நாள் கணக்கில் உட்கார்ந்து பயந்துவிட்டேன், இதற்கு மேல் என்ன என்று நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறு என்று இங்கே வந்துதான் தெரிகிறது. அவள் மூச்சு ஒன்று சீக்கிரம் வருகிறது, அடுத்தது தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் நான் படுகிற பாடு. இரண்டு தடவை நர்ஸைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவரே வந்து, 'தூங்குறாம்மா, வெறுமனே தூங்குறா' என்றார்.

உன் கையால் எழுதித் தந்ததை எல்லாம் செய்தேன். ஆடையை எடுத்துத்தான் பால் கொடுத்தேன்.

காலையில் விழித்து என் முகத்தைப் பார்த்தாள். 'அம்மா?' என்றாள். அம்மா தூங்கப் போயிருக்கா, சாயங்காலம் வருவா என்றேன். உதடு பிதுங்கியது, அழுதாள். தூக்கப் போனால் என் மூக்கைத் தள்ளினாள். எனக்கு வருத்தமாக இல்லை என்று எழுதினால் அது பொய். எதையும் கழிக்காதே என்று சொன்னவள் நீ.

கீழே இறக்கு என்று ஒரே பிடியாகப் பிடித்தாள். நர்ஸ் இறக்கிவிடச் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் இரண்டும் நடுங்கியது. நான் குனிந்து கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். நீ போன கதவையே பார்த்துக்கொண்டு கம்பியை விட்டாள். ஒரு எட்டு வைத்தாள். பிடிக்காதீர்கள் என்று நர்ஸ் எனக்குக் கண் காட்டினார். இன்னொரு எட்டு. மூன்றாவதில் மடங்கினாள், தரையைத் தொடுவதற்குள் என் கைக்கு வந்துவிட்டாள். அடி படவில்லை. இதோ, நான் எழுதுகிற காகிதத்தைப் பிடித்து இழுக்கிறாள், எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

அந்த இரண்டு எட்டும் உன்னைத் தேடி வைத்தது. நீ பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன், அதனால்தான் சாயங்காலம் வரைக்கும் பொறுக்காமல் எழுதுகிறேன்.

நேரத்தோடு வா. இங்கே தனியாக உட்கார எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. நாளைக்கும் என் பெயரை எழுதச் சொல்வாயா?

உன்
அக்கா